ஆளில்லாத மண்டபத்தில் றெஜினா அன்ரி

குளிர்ந்து கிடந்த மண்டபத்தில் ஹீட்டரைத் திருகியவுடன் எழும்பும் புழுதி கருகும் மணமும், முதல்நாள் யாரோ தரை துடைத்துவிட்டுப் போன சவர்க்காரத் தண்ணீரின் மணமும், பின்பக்கக் குசினியில் பெரிய கிடாரத்தில் வதங்கத் தொடங்கிய வெங்காயத்தின் மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் காது தானாகவே விழித்துக்கொள்கிறது. அந்த மணத்துக்குப் பிறகு ஒரு சத்தம் வரவேண்டும். அப்பா "ஹலோ, ஹலோ, ஒண்டு, ரெண்டு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கைமாற்றுவார். ஒரு பெண்ணின் மூச்சு அதில் பட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் "புஃப்" என்று மோதும். பிறகு சொல் எதுவும் இல்லாமல் அடிவயிற்றிலிருந்து ஒரு "ம்ம்ம்" கிளம்பி, கதிரைகள் இன்னும் அடுக்கியபடி கிடக்கும் அந்த வெறும் மண்டபத்தை மூலைமுடுக்கு வரைக்கும் நிரப்பும். றெஜினா அன்ரி வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். ஜெர்மனியில் டோர்ட்மண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழருடைய கலியாண வீட்டிலோ பிறந்தநாளிலோ பத்து, இருபது வருடங்களுக்கு முன்பு சாப்பிட்டவர்கள் எல்லோரும் அவருடைய குரலைக் கேட்டிருப்பார்கள், ஆனால் அவருடைய பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். மேடையில் அவர் பாடியதெல்லாம் சினிமாப் பாட்டு. அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, "சோல்" என்று அவர் சொன்ன அந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாட்டு வகையில் பாடிய பாட்டுகள், ஆட்கள் வருவதற்கு முன்னால், மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உரியவை. அவற்றைக் கேட்டவர்கள் நாங்கள் ஒரு சில பிள்ளைகள்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் தன் பெயரை எழுதப் பழகினார். அதனால் எழுத்து என்று ஏதாவது வந்தால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பும். அடக்கம் முடிந்து காரில் வரும்போதும் அப்படித்தான். அப்பா வீதியைப் பார்த்தபடியே, "நீ அவவின்ர கதையை எழுது. எங்களுக்குச் சொல்லத்தான் தெரியும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

வாரநாட்களில் அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் "சவுண்ட்". பெட்டிகள், வயர்ச் சுருள்கள், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரு பழைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எந்த மண்டபத்தில் யாருடைய கொண்டாட்டம் என்றாலும் விடியவே போய்விடுவார். அம்மா குசினியில் சமையல்காரருக்கு உதவி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அக்கா தர்சினியும் நானும் வயர்ச் சுருள்களோடு சுருளாக வானில் ஏறுவோம். மேடை அலங்காரம் செய்பவருடைய மகள் சுகன்யா, கதிரை அடுக்குபவருடைய மகன் டினேஷ் என்று இன்னும் சில பேர் அதேபோல வந்து சேருவார்கள். விருந்தினர்கள் பின்னேரம் பட்டுடுத்தி வந்து இறங்கும்போது எங்களுக்குப் பாதி நாள் கழிந்திருக்கும். மண்டபமே வீடாகக் கிடந்த எங்களைச் சமையல்காரர் "ஹோல் பிள்ளையள்" என்பார். வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால் ஓடிவிடுவோம் என்பதால் அதைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வார்.

றெஜினா அன்ரி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். யாழ்ப்பாணத்தில் கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். இந்த நாட்டில் சலவை இயந்திரங்களுக்கு நடுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்த கானா நாட்டுப் பெண் ஒருவர் சின்ன கசெட் பெட்டி ஒன்றில் நாள் முழுக்க சோல் பாட்டுகள் போட்டுக் கேட்பாராம். அந்தப் பெண் பிறகு ஊர் திரும்பிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர் விட்டுப்போனது அன்ரியின் தொண்டைக்குள் தங்கிவிட்டது. "சொல் விளங்கேல்லை பிள்ளையள், ஆனா அழுறது விளங்கினது" என்று எங்களிடம் சொன்னார். "கோயில்ல நாங்கள் மேல பாத்துப் பாடுவம். உவையள் பக்கத்தில நிக்கிற ஆளைப் பாத்துப் பாடுகினம். அவ்வளவுதான் வித்தியாசம்."

வீட்டில் அவரால் பாட முடியாது. மேல் மாடிக் குடியிருப்பு, சுவர் மெல்லிசு. வாய் திறந்தால் கீழ்வீட்டுக் கிழவர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார். மத்தியான ஓய்வு நேரம், ஞாயிறு ஓய்வு நேரம், இரவு ஓய்வு நேரம் என்று இந்த நாட்டில் சத்தம் போடக்கூடாத நேரங்களை எடுத்துக் கழித்தால், சலவைக்குப் போய்வருகிற ஒரு பெண்ணுக்குப் பாட மிஞ்சும் நேரம் பெரிதாக இல்லை. ஆகவே அவருக்கு வாய்த்தது எங்கள் மண்டபங்கள்தான்.

அப்பாவுக்கு அது விளையாட்டுச் சண்டைக்கான நேரம். மிக்ஸருக்குப் பின்னாலிருந்து கத்துவார்:

"றெஜி, உந்த ஒப்பாரியை விட்டிட்டு, பாடப்போற பாட்டைப் பாடும். எனக்கு லெவல் வைக்கவேணும்!"

"ஒப்பாரிதான் அண்ணை. ஆனா தாளத்தோட. நீங்கள் லெவலை வையுங்கோ, நான் ஒப்பாரியை வைக்கிறன்."

"ஆரோ ஒருத்தரின்ர பிறந்தநாள் வீட்டில வந்து நிண்டு…"

"பிறந்தவன் இன்னும் நித்திரை அண்ணை. அவனுக்குக் கேக்காது."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே எக்கோவைக் கொஞ்சம் கூட்டிவிடுவார். சினிமாப் பாட்டுக்கு அவர் ஒருநாளும் அப்படிக் கூட்டியதில்லை என்பதை நாங்கள் கவனித்து வைத்திருந்தோம்.

சோல் பாட்டைத் தனியாகப் பாட ஏலாது என்பது அன்ரியின் கட்சி. ஒருவர் சொல்லவேண்டும், மற்றவர்கள் பதில் சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் அது புலம்பலாகிவிடும். அந்தப் பதில் சொல்லும் வேலையை எங்களுக்குத் தந்தார். மேடையில் எங்களை வரிசையாக நிறுத்தி, கையைத் தட்டி, எப்போது உள்ளே வரவேண்டும் என்று கண்ணால் காட்டுவார். அவர் தன் வரியைப் பாடிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கும்போது நாங்கள் பாடவேண்டும். தன் வரிகளை அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. "என்ர பக்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன். உங்கட பக்கத்தை நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ" என்பார். அவருடைய வரிகள் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மாறும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எங்களுடைய பதில் மட்டும் மாறாது.

எங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டு ஒரு சட்டையைப் பற்றியது. ஒரு பெண் படகில் கடல் தாண்டி வருகிறாள். வரும்போது போட்டிருந்த சட்டை நனைந்துபோகிறது. பிறகு இந்த நாட்டில் எத்தனையோ பேருடைய சீலைகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கொடுக்கிறாள், ஆனால் அந்த ஒரு சட்டை மட்டும் காய்வதாக இல்லை. இதெல்லாம் அவருடைய பக்கம். எங்களுடைய பக்கம் இவ்வளவுதான்: அவர் முதல் வரியைப் பாடி முடிக்க நாங்கள் "காயட்டும், காயட்டும்" என்போம். அடுத்ததற்கு "இன்னும் ஈரம்" என்போம். மறுபடியும் "காயட்டும்." கடைசியில் அவர் ஏதோ ஒன்றைக் கேட்பார், கேள்வியாகவே கேட்பார், அதற்கு நாங்கள் எல்லோரும் "ஓம் அக்கா, ஓம்" என்று முடிக்கவேண்டும். நேரில் அன்ரி என்று கூப்பிடும் எங்களுக்கு அங்கே மட்டும் அவர் அக்கா. டினேஷ் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவான். அவர் அவனுடைய காதைப் பிடித்துக்கொண்டே தாளம் தவறாமல் முடிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆட்கள் நிறைந்த மண்டபத்தில், ஒரு தடவை, தன்னுடைய பாட்டைப் பாடவேண்டும். யாரிடம் கேட்டாலும், "உங்கட குரலுக்கென்ன குறை, ஆனா சனத்துக்குத் தெரிஞ்ச பாட்டாய்ப் பாடினால்தானே கை தட்டும்" என்று சொல்லிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை.

அக்கா பெரியபிள்ளையாகி, அவளுடைய சாமத்திய வீடு வந்தது. அதற்கு முந்திய வாரம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"அக்கா, உங்கட வீட்டுக் கொண்டாட்டம். ஆரும் ஒண்டும் சொல்லேலாது. நான் என்ர பாட்டு ஒண்டு பாடட்டோ? பிள்ளையளோட?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "என்னை ஏன் பாக்கிறீர்? அவ கேட்டது உம்மை" என்றார்.

"எந்தப் பாட்டு? அந்த உடுப்புப் பாட்டோ?"

"ஓம் அக்கா."

"அழுற பாட்டில்லையே? நல்ல காரியம் றெஜி…"

"அழுறதில்லை அக்கா. காயுறது."

அம்மாவுக்கு அது விளங்கியதோ தெரியாது, ஆனால் சரி என்றார். அன்ரி அப்போதுதான் தேத்தண்ணியைக் குடித்தார், ஆறிப்போனதை, ஒரே மூச்சில்.

அந்த நாள் எனக்கு ஒரு படம்போல ஞாபகம் இருக்கிறது. நானூறு பேருக்குக் குறையாது. புகைப் பெட்டியிலிருந்து புகை எழும்ப, அக்காவைப் பல்லக்கில் தூக்கி வந்து, சிம்மாசனம் மாதிரியான கதிரையில் இருத்தினார்கள். எங்களுடைய கொண்டாட்டங்களில் வீட்டுக்காரர் சொல்வது நடக்காது, ஐயர் சொல்வதும் பாதிதான் நடக்கும், எல்லாம் வீடியோக்கார அண்ணை சொல்கிறபடிதான். அவர் கை காட்டினால் ஆரத்தி, கை காட்டினால் கேக். அவர் பற்றரி மாற்றிக்கொண்டிருந்த ஒரு இடைவெளியில் அன்ரி, சிவப்புச் சீலையில், எங்களை வரிசையாக நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார். "இது என்ர பாட்டு" என்று மட்டும் சொன்னார். "ம்ம்ம்" என்று தொடங்கியபோது முன்வரிசையில் பேச்சு நின்றது. முதல் வரி. நாங்கள், "காயட்டும், காயட்டும்." சிம்மாசனத்திலிருந்து அக்காவும் வாயசைக்க, உதட்டுச் சாயம் கலைந்துவிடும் என்று அம்மா தூரத்திலிருந்து வாயைப் பொத்திக் காட்டினார்.

இரண்டாவது வரியைத் தொடங்கும்போது பின்பக்கத்தில் சமையல்காரர் மூடிகளைத் திறந்தார். ஆட்டிறைச்சிக் கறியின் மணம் மண்டபத்துக்குள் வந்தது. யாரும் அறிவிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாமா எழும்பினார், அவரைப் பார்த்து அடுத்த மேசை எழும்பியது, பிறகு நானூறு கதிரைகளும் தரையில் உரசும் சத்தம். ஒருவரும் அவரை அவமதிக்க நினைக்கவில்லை. பசி, பிள்ளைகள், தூரத்துப் பயணம், வரிசை நீளமுன் போய்விடவேண்டும் என்ற அவசரம். போகிற போக்கில் ஒரு இளைஞர் மேடையைப் பார்த்து, "அக்கா, சாப்பிட்டு வாறம், அதுக்குப் பிறகு நல்லதாய் ஒரு டப்பாங்குத்து விடுங்கோ!" என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் போனார்.

அன்ரி பாட்டை நிறுத்தவில்லை. மண்டபத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். மிச்சப் பாட்டை எங்களுடைய முகத்தைப் பார்த்தே பாடினார். கடைசிக் கேள்வியைக் கேட்டபோது டினேஷ்கூடச் சிரிக்கவில்லை. "ஓம் அக்கா, ஓம்" என்றோம். அவர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு திரும்பி, சிரித்த முகத்தோடு, "சாப்பிட்டு வாங்கோ, டப்பாங்குத்து ரெடி!" என்றார். சொன்னபடியே பாடினார். மண்டபமே ஆடியது.

அதற்குப் பிறகு மேடையில் அவர் தன் பாட்டைப் பாடியதில்லை. அடுத்த சனிக்கிழமை மைக் பார்க்கும்போது மட்டும், ஒன்றும் நடக்காதது மாதிரி, "எங்க என்ர ஆக்கள்?" என்று கையைத் தட்டினார்.

நாங்கள் வளர்ந்தோம். குரல் உடைந்தது; பரீட்சை வந்தது; மண்டபத்துக்கு வர வெட்கம் வந்தது. கொண்டாட்டங்களுக்கு டிஜே வந்தார், மடிக்கணினியோடு. பாடகர்களைக் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றுபோனது. சுகன்யா பீலெஃபெல்டில் தாதியானாள். டினேஷ் லிஃப்ட் திருத்தும் வேலைக்குப் போனான். நான் பல்கலைக்கழகம் போனேன். ஒருநாள் கடையில் பாற்கட்டி வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ மெதுவாக "ம்ம்ம்" என்றார்கள். திரும்பாமலே "காயட்டும், காயட்டும்" என்றேன். விற்பனை செய்த பெண், எத்தனை கிராம் என்று ஜெர்மனில் இரண்டாம் தடவை கேட்டார். அன்ரி என் முதுகில் தட்டிச் சிரித்தார். மெலிந்திருந்தார். "படிக்கிறியோ? படி, படி. பாட்டு எங்க போகப்போகுது" என்றார். கடைசியாக அவரைக் கண்டது அன்றுதான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அவருடைய கணவர் பீற்றர் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர்; பெரிய கிடங்கு ஒன்றில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர்; சனி, ஞாயிறு என்றால் கூடுதல் சம்பளம் என்பதால் எல்லாச் சனி, ஞாயிறும் வேலை. கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த டெர்மின், அதாவது குறித்துத் தந்த நேரம், அரை மணி. பாதிரியாரிடம் கேட்டு, சவப்பெட்டியை வெளியே எடுக்கும் முன்பு ஒரு பாட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

"அவவின்ர சொந்தப் பாட்டு ஒண்டு வேணும் அண்ணை" என்றார் அப்பாவிடம். "உங்களிட்டப் பதிஞ்சது ஏதும் இருக்கோ?"

"நீர் வீட்டில பதிஞ்சு வைக்கேல்லையோ?"

பீற்றர் அங்கிள் தன் கையைப் பார்த்தார். "நான் கேட்டதே இல்லை அண்ணை. வீட்டில பாடேலாது. ஹோலுக்கு நான் வந்ததில்லை. எழுதுறது தெரியும். குசினிக்குள்ள வாய்க்குள்ள முணுமுணுக்கிறது தெரியும். முழுசா ஒரு பாட்டு… இல்லை. பிறகு ஆறுதலாக் கேப்பம் எண்டு இருந்தனான்."

அப்போதுதான் அம்மா சொன்னார்: "தர்சினியின்ர டிவிடி இருக்கல்லோ!"

எல்லோரும் எழும்பிவிட்டோம். அப்பா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்: அன்றைக்கு வீடியோக்காரருடைய கமராவுக்கு மிக்ஸரிலிருந்து நேராக வயர் கொடுத்தவர் அவர், குரல் சுத்தமாக விழுந்திருக்கும். பற்றரி மாற்றிவிட்டு வந்தவர் மேடையையும் எடுத்திருந்தார். தேடிப்பிடித்துப் போட்டோம். ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து அக்காவின் முகம் வந்தது. இதயங்கள் பறந்தன. பல்லக்கு, புகை, ஆரத்தி. பிறகு சிவப்புச் சீலையில் அன்ரி. அவருக்குப் பக்கத்தில் நாங்கள், வாயைத் திறந்தபடி. அன்ரி கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தார். அவருடைய வாயிலிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது.

சினிமாப் பாட்டு. அந்த வீடியோ முழுவதற்கும் மேல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை, சினிமாப் பாட்டுகளைப் போட்டு ஒட்டியிருந்தார் வீடியோக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுடைய எல்லா வீட்டு வீடியோக்களும் அப்படித்தான். உண்மையான சத்தம் என்றால் கதிரை இழுபடுவதும் பிள்ளைகள் கத்துவதும்தானே என்று, அதை அழித்துவிட்டு நல்ல பாட்டுகளைப் போடச் சொல்லி நாங்களேதான் கேட்போம்.

"நான்தான் அவனிட்டச் சொன்னனான்" என்றார் அம்மா. "'தம்பி, வெறும் இரைச்சலாய் இருக்கக்கூடாது, நல்ல பாட்டாய்ப் பாத்துப் போட்டுவிடும்' எண்டு. ரெண்டு தரம் சொன்னனான்."

அப்பா வீடியோக்காரருக்குப் போன் எடுத்தார். பழைய கசெட்டுகளில் அதற்குப் பிறகு எத்தனையோ கலியாணங்களைப் பதிந்துவிட்டதாக அவர் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் பின்னேரம் பீற்றர் அங்கிளின் வீட்டில் நாங்கள் கூடினோம்: அக்கா, சுகன்யா, டினேஷ், நான். தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அன்ரியின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுடைய பதில்கள் நால்வருக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தன. அவருடைய வரி ஒன்றுகூட இரண்டு பேருக்கு ஒரேமாதிரி வரவில்லை. "உப்புத் தண்ணி" என்று தொடங்கும் என்றாள் சுகன்யா. "கரை தெரியேக்க" என்றான் டினேஷ். அவர் எங்கள் பக்கம் திரும்பிய இடத்திலிருந்து கமராவுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. பிறகு கமரா சாப்பாட்டு வரிசையைக் காட்டப் போய்விட்டது.

டினேஷ் சட்டென்று என்னைப் பார்த்தான். "நீதானே படிச்சனீ. கதை தெரியும், மெட்டும் ஓரளவு வருது. ரெண்டு வரியை எழுதிப் போடன். சுகன்யா பாடுவாள். ஆருக்குத் தெரியப்போகுது?"

வாசல்நிலையில் நின்ற பீற்றர் அங்கிள், "எனக்குத் தெரியும்" என்றார்.

"நீங்கள்தானே கேட்டதில்லை எண்டனீங்கள் அங்கிள்…"

"அதுதான். நான் முதல்முதலாக் கேக்கப்போறது. அது அவவின்ரயாய் இருக்கவேணும். உங்களிட்ட இருக்கிறதைத் தாங்கோ. காணும்."

எங்களிடம் இருந்தது பதில்கள் மட்டும்.

சேமக்காலை மண்டபம் நிறைந்திருந்தது. கதவோரம் வரைக்கும் ஆட்கள். அக்காவின் சாமத்திய வீட்டுக்கு வந்திருந்த முகங்கள் பல, இப்போது நரைத்து. சலவைப் பகுதியிலிருந்து ஜெர்மன்காரர் சிலரும் வந்திருந்தார்கள். பாதிரியார் செபித்து முடித்ததும் நாங்கள் நால்வரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றோம். மைக் இல்லை. கையைத் தட்டத் தொடங்கினோம், அவர் சொல்லித் தந்த அந்தத் தாளத்தில், மெதுவாக. அவருடைய முதல் வரிக்கான இடம் வந்தது. ஒருவரும் பாடவில்லை. தட்டும் சத்தம் மட்டும். இடம் முடிந்ததும், "காயட்டும், காயட்டும்" என்றோம்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாங்கள் வரியை மறந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். மறுபடியும் வெறும் தாளம், மறுபடியும் அந்த நீளம், "இன்னும் ஈரம்." அப்போது முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கிவிட்டது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போவதை நான் பார்த்தேன்.

மூன்றாவது இடைவெளி கொஞ்சம் நீளம். அதில் எங்களுடைய கைதட்டும் சத்தம் குறைந்துவிட்டது. பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து, மண்டபத்துக்குப் பொறுப்பான ஜெர்மன்காரர் இரட்டைக் கதவையும் திறந்துவிட்டார்; அவருக்கு அடுத்த டெர்மின் இருந்தது. குளிர் உள்ளே புகுந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட பெட்டி தூக்குகிறவர்கள் தயாராக நின்றார்கள். வழமையில் கதவு திறந்தால் எங்களுடைய சனம் எழும்பிவிடும். பீற்றர் அங்கிள் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

ஒருவரும் எழும்பவில்லை. ஒரு கதிரைகூட அசையவில்லை. திறந்த கதவால் வந்த குளிரில் அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே இருந்து, அவர் பாடாத அந்த வரியைக் கேட்டார்கள். நாங்கள் "காயட்டும்" என்றோம். கடைசிக் கேள்விக்கான இடத்தையும் விட்டோம். "ஓம் அக்கா, ஓம்."

அக்காவின் சாமத்திய வீடு நடந்த அந்தப் பழைய மண்டபம் இப்போது தளபாடக் கிடங்கு. அப்பா ஒலிபெருக்கிப் பெட்டிகளை விற்றுவிட்டார். கொண்டாட்டங்கள் முன்னைவிடப் பெரிதாக நடக்கின்றன. டிஜே மடிக்கணினியைத் திறந்தவுடன் சத்தம் வந்துவிடுகிறது. காலையில் ஒருவர் வந்து வெறும் கதிரைகளுக்குப் பாடிப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. அவருடைய வரிகளை எழுதிப் பார்க்க எனக்கும் சில நாட்களில் கை துறுதுறுக்கிறது. ஒன்றிரண்டு நன்றாகக்கூட வரும் போலிருக்கும். பீற்றர் அங்கிளை நினைத்துக்கொண்டு வைத்துவிடுகிறேன்.

ஆனால் இப்போது வேறொன்று தொடங்கியிருக்கிறது. பாட்டின் எங்கள் பக்கத்தையாவது பதிந்து வைப்போம் என்று நாங்கள் நால்வரும் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். "இன்னும் ஈரம்" என்பதற்கு முன்னால் அன்ரி நீளமாக இழுத்து, மூச்சு முடிகிற இடத்தில்தான் விடுவார் என்று சுகன்யா எழுதியிருந்தாள். இல்லை, சட்டென்று நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார் என்று டினேஷ் எழுதினான். அக்கா இன்னும் பதில் போடவில்லை. நேற்று நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கையைத் தட்டி, சுகன்யா சொன்ன மாதிரி ஒருமுறையும் டினேஷ் சொன்ன மாதிரி ஒருமுறையும் இடம் விட்டுப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் வருகின்றன.